தானாகப் பெருக்கும் துடைப்பம்

மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, ஏப்ரல் கிளைத் தணிக்கை, மே மாத நாக்பூர் வெயில் என்று வரிசையாக வந்து போனதில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே மூன்று மாதம் ஆகிவிட்டது. "என்ன சார், ஆளையே காணோம்?" என்று மடல் போட்டுக் கேட்ட நண்பர்களுக்கு நன்றி. முந்தாநாள்தான் இங்கே முதல் மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. இன்வர்ட்டர் புண்ணியத்தில் இதைத் தட்டிக் கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குக் கொஞ்சம் கணினி, கொஞ்சம் வங்கி, கொஞ்சம் வீட்டு விஷயம். கணினித் துறையில் இருப்பவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கலாம், தப்பில்லை. நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த நிரல் எழுதும் வித்தையெல்லாம் எக்செல் மேக்ரோவில் ஆரம்பித்து, இணையத்தில் பார்த்துக் காப்பியடிப்பதில் முடிந்து விடும். அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

நம்மைப் போல ஊர் ஊராக மாற்றலில் அலையும் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஊர் மாறும்போதும் சாமான் குறையும், காகிதம் கூடும். பிள்ளைகளின் டிசி, சாதிச் சான்றிதழ், கேஸ் கனெக்‌ஷன் மாற்றிய சீட்டு, ஊரில் இருக்கும் நிலத்தின் மூலப்பத்திரம், தடுப்பூசி அட்டை. 2012-ல் சூரத்திலிருந்து ராஞ்சிக்குப் போனபோது லாரி மழையில் நனைந்து, காகிதம் வைத்திருந்த பெட்டி ஊறிவிட்டது. மூலப்பத்திரத்தை மொட்டை மாடியில் பரப்பி, மேலே கல் வைத்துக் காயப்போட்ட அன்றே முடிவு செய்தேன், இனி எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது என்று. வீட்டு மேசைக் கணினியில் ஒரு ஃபோல்டர். அதில் எதைப் போட்டாலும் தானாகவே மேலே கூகுள் டிரைவுக்குப் போய்விடும். லாரி நனைந்தாலும் கவலையில்லை.

பதிமூன்று வருஷமாக எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி ஒரு காலத்தில் கடல் மாதிரி தெரிந்தது. அந்த 15 ஜிபியை மின்னஞ்சல், டிரைவ், புகைப்படம் மூன்றும் பங்கு போட்டுக் கொள்கின்றன என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2021 ஜூன் 1-ந் தேதிக்கு முன்னால், கொஞ்சம் தரம் குறைத்து ஏற்றிய படங்கள் கணக்கில் வராது. அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றிய ஒவ்வொரு படமும் கணக்கில் வருகிறது. போன பிப்ரவரியில் சிவப்புக் கோடு வந்துவிட்டது. நிறைந்து போனால் புது மின்னஞ்சலே வராது, அனுப்பியவருக்குத் திரும்பிப் போய்விடும் என்று எச்சரிக்கை வேறு.

"மாசம் நூத்திச் சொச்சம் கட்டிட்டுப் போங்களேன். வாசல் பூக்காரிக்கு அதுக்கு மேல குடுக்கறோம்" என்றார் தங்கமணி.

நியாயம்தான். ஆனால் வங்கிக்காரன் புத்தி. குப்பைக்கு மாதா மாதம் வாடகையா என்று தோன்றியது. முதலில் பெருக்குவோம், அப்புறம் வாடகையைப் பற்றி யோசிப்போம் என்றேன். கையால் பெருக்க உட்கார்ந்தால் மொத்தம் 31,000 கோப்புகள். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து 400 கோப்புதான் தாண்ட முடிந்தது. அதிலும் பாதி நேரம் பழைய போட்டோ பார்த்துக் கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தானாகப் பெருக்கும் துடைப்பம் யோசனை வந்தது. விண்டோஸில் பவர்ஷெல் என்று ஒன்று இருக்கிறது. கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் அப்படியே செய்யும். டாஸ்க் ஷெட்யூலர் என்று இன்னொன்று இருக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று சொல்லி வைத்தால் அந்த நேரத்தில் அந்தக் கட்டளைகளை ஓட்டிவிடும். இரண்டையும் சேர்த்து நான் போட்ட விதி இதுதான்:

இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் தொடாத கோப்பாக இருக்க வேண்டும். வகை, நான் கொடுத்த பட்டியலில் இருக்க வேண்டும். பழைய பதிவுக் கோப்புகள், தற்காலிகக் கோப்புகள், இப்போது யாரும் பயன்படுத்தாத பழைய ஒலி, வீடியோ வகைகள். பழசிலிருந்து ஆரம்பித்து வாரத்துக்கு 500 கோப்புக்கு மேல் போகக் கூடாது. ஞாயிறு இரவு 11 மணி.

ஒரு தடவைக்கு 500 என்று வரம்பு வைத்ததை நினைத்து நானே என்னைப் பாராட்டிக் கொண்டேன். எவ்வளவு நிதானமான ஆள் பாருங்கள்!

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு முதல் ஓட்டம். காலையில் எழுந்து பார்த்தால் கோடு அப்படியே சிவப்பாகத்தான் இருக்கிறது. ஒரு எம்பி கூடக் குறையவில்லை. பிறகுதான் விளங்கியது, அழித்த கோப்பு நேராகப் போய்விடாது. டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், கிடக்கிற வரைக்கும் அதுவும் இடக் கணக்கில் சேரும். உடனே குப்பைத் தொட்டியைத் திறந்து, "காலி செய்" என்பதை அழுத்தினேன். நிரந்தரமாகப் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன். கிளைக்கு நேரமாகிவிட்டது, ஷூ மாட்டிக் கொண்டு கிளம்பினேன். மொத்தமே ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்த வாரம் கிளையில் தணிக்கை. கடன் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதி, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து விழுவதோடு சரி. துடைப்பம் தன்பாட்டுக்கு இரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு, நான்காம் ஞாயிறு என்று ஓடிக் கொண்டிருந்தது. குப்பைத் தொட்டியைக் காலி செய்ய எனக்கு நேரமில்லை. பின்னால் நினைத்துப் பார்த்தால், 24 வருஷ சர்வீஸில் நான் தணிக்கைக்காரர்களுக்கு மனதார நன்றி சொன்னது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஏன் என்று வருகிறேன்.

மே முதல் வாரம் மகள் புனே விடுதியிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, பாட்டி ஃபோல்டர்ல என்ன பண்ணுனீங்க?"

"எந்தப் பாட்டி ஃபோல்டர்?"

"பாட்டி ஃபோல்டர்ப்பா. 63 ஃபைல் இருக்கும். இப்போ மூணுதான் இருக்கு."

இங்கே கொஞ்சம் கொசுவத்திச் சுருள் சுற்ற வேண்டும். 2013-ல் ராஞ்சியில் இருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் என் செல்போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். பேசுகிற அத்தனை அழைப்பையும் அதுவே பதிவு செய்து வைக்கும். கேஸ் புக்கிங், கொரியர்காரர், இன்சூரன்ஸ் விற்பவர், யார் பேசினாலும் பதிவு. நான் அதை நிறுத்தவும் இல்லை, கேட்கவும் இல்லை. போன் நிறைந்தால் மெமரி கார்டிலிருந்து கணினிக்கு மாற்றிவிடுவேன். 2017-ல் வேறு போன் வாங்கும் வரை இப்படியே 2,100 பதிவுகள் சேர்ந்திருந்தன.

அந்த வருஷம்தான் அம்மா தவறிப் போனது. மறு வருஷம் தம்பியும் நானும் பேசி அருப்புக்கோட்டை வீட்டை விற்றோம்.

2020 ஊரடங்கில் மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம் கிடையாது, வெளியே போக முடியாது. கணினியில் எதையோ நோண்டிக் கொண்டிருந்தவள் அந்த 2,100 பதிவுகளைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பாட்டி பேசியதை மட்டும் பொறுக்கி, 01 முதல் 63 வரை தேதி வரிசையில் எண் போட்டு, "பாட்டி" என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தாள். சொன்னாள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. "சரிம்மா" என்றேன். அந்த ஃபோல்டரை நான் ஒரு தடவை கூடத் திறந்ததில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

அவள் திறந்து கொண்டுதான் இருந்தாள். வீட்டில் இருந்த பழைய டேப்லெட்டை விடுதிக்கு எடுத்துப் போயிருந்தாள். அதில் என் கணக்குதான் இன்னும் இருந்தது. தூக்கம் வராத ராத்திரியில் பாட்டி குரலைப் போட்டுக் கேட்பாளாம். எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி கணினி முன்னால் உட்கார்ந்து குப்பைத் தொட்டியைத் திறந்தேன். எல்லாவற்றையும் தேர்வு செய்து, மீட்டெடு என்று கொடுத்தேன். இரண்டாவது ஓட்டத்திலிருந்து அழிந்தவை அத்தனையும் 30 நாளைக்கு உள்ளேதான் இருந்தன. ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குத் திரும்பின. 20 முதல் 60 வரை, 41 பதிவுகள். துடைப்பம் இன்னும் தொடாதது மூன்று. மொத்தம் 44. தணிக்கை மட்டும் வராமல் இருந்திருந்தால் வாரா வாரம் குப்பைத் தொட்டியைக் காலி செய்திருப்பேன், இந்த 41-ம் இருந்திருக்காது.

01 முதல் 19 வரை இல்லை. அவை முதல் ஞாயிறு அழிந்தவை. திங்கள் காலை ஷூ மாட்டுவதற்கு முன் நான் சம்மதம் சொன்னவை.

எங்கே தப்பு என்று யோசித்தேன். "இரண்டு வருஷம் யாரும் தொடாதது" என்றுதானே விதி போட்டேன்? மகள் வாரம் தவறாமல் கேட்டிருக்கிறாளே?

கணினி ஒரு கோப்புக்கு மூன்று தேதி வைத்திருக்கும். உருவான தேதி, கடைசியாகத் திருத்திய தேதி, கடைசியாகத் திறந்த தேதி. திறந்த தேதியை நம்ப முடியாது. பல கணினிகளில் வேகத்துக்காக அதைக் குறித்து வைப்பதையே நிறுத்தியிருப்பார்கள். புனேயில் ஒரு டேப்லெட்டில் கேட்டால் நாக்பூர் மேசைக் கணினிக்கு அது தெரியப் போவதும் இல்லை. உருவான தேதியும் உதவாது, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுத்தால் பிரதி எடுத்த நாளே உருவான நாள் ஆகிவிடும். அதனால் எல்லோரும் எடுத்துக் கொள்வது திருத்திய தேதியை. நானும் அதைத்தான் எடுத்தேன். பாட்டுக் கேட்பதால் பாட்டுக் கோப்பு திருந்துவதில்லை. ஆயிரம் தடவை கேட்டாலும் அதன் தேதி 2013-லேயே நிற்கும். எண் போட்டுப் பெயர் மாற்றியதும், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியதும் கூட அந்தத் தேதியை அசைக்கவில்லை. அம்மா குரலை யாரும் திருத்தவில்லை. அதனால் யாரும் தொடவில்லை என்று கணினி முடிவு கட்டிவிட்டது. அதன் மேல் தப்பில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

இன்னொரு தப்பு, இணையத்தில் ஒரு நகல் இருக்கிறது, அதுவே பாதுகாப்பு என்று பதிமூன்று வருஷம் நம்பியது. அது பாதுகாப்பு நகல் இல்லை, ஒத்திசைவு. இங்கே சேர்த்தால் அங்கே சேரும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். லாரி நனைவதிலிருந்து காப்பாற்றும். வீட்டுக்காரனிடமிருந்து காப்பாற்றாது.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். இடம் எங்கே போயிருக்கிறது என்று பிறகு அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். மகளுடைய பள்ளி ஆண்டு விழா வீடியோ பதினொன்று, அதுவே 4 ஜிபி. ஒரே வீடியோ மூன்று இடத்தில். பத்து எம்பிக்கு மேல் இணைப்பு உள்ள பழைய மின்னஞ்சல்கள் 2 ஜிபிக்குக் கிட்ட. அந்தக் காலத்துப் போனில் பதிவான குரலோ நிமிடத்துக்கு 90 கேபி சொச்சம்தான். அம்மாவின் 63 பதிவுகளும் சேர்ந்து 35 எம்பி. 15 ஜிபியில் கால் சதவீதம் கூட இல்லை. இதைப் பெருக்கத்தான் இத்தனை பாடு.

இனி வங்கி விஷயம். என் கிளையில் இரண்டு வருஷம் வாடிக்கையாளர் எதுவும் செய்யாத சேமிப்புக் கணக்கைச் செயல்படாத கணக்கு என்று தனியே பிரிக்கிறோம். ரிசர்வ் வங்கி விதி அது. பிரிப்போமே தவிர அழிக்க மாட்டோம். அதற்கும் வட்டி போட்டுக் கொண்டிருப்போம். பத்து வருஷம் ஆனால் அந்தப் பணம் 2014-ல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகும். அப்போதும் அது உரியவர் பணம்தான். எப்போது வந்து கேட்டாலும் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, நிதியிலிருந்து நாங்கள் வாங்கிக் கொள்வோம். போன வருஷம் ஒரு மராத்திப் பாட்டி, பதினொரு வருஷம் பெட்டிக்கு அடியில் கிடந்த கணவரின் பாஸ்புக்கைக் கொண்டு வந்தார். எத்தனை தாள், எத்தனை கையெழுத்து! ஆனால் பணம் கிடைத்தது. ("பேட்டா, இதெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு அழுதார்.) பத்து வருஷம் யாரும் தொடாததைக் கூட அழிக்காத இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து சம்பளம் வாங்கிக் கொண்டு, வீட்டில் இரண்டே வருஷம் என்று விதி போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கிளையில் ஒருவர் பதிவு போட்டால் இன்னொருவர்தான் அதை பாஸ் பண்ண வேண்டும். மேக்கர், செக்கர். ஐந்நூறு ரூபாய் வவுச்சருக்குக் கூட ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்ய முடியாது. என் வீட்டில் பட்டியல் எடுத்ததும் துடைப்பம், பாஸ் பண்ணியதும் துடைப்பம். தங்கமணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இப்போதும் ஞாயிறு இரவு 11 மணிக்கு ஓடுகிறது. விதிதான் வேறு. உங்களுக்கும் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன்.

ஒன்று: யாரையும் கேட்காமல் அது அழிக்கலாம் என்று விட்டிருப்பது இரண்டே வகை. தரவிறக்க ஃபோல்டரில் மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும் மென்பொருள் நிறுவும் கோப்புகள் ஒன்று. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டைக் கோப்புகளில் ஒன்றை விட்டு மற்றவை இன்னொன்று. பெயரை வைத்து இரட்டை என்று முடிவு செய்யக் கூடாது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண் எடுக்கும் கட்டளை பவர்ஷெல்லில் இருக்கிறது. அந்த ரேகை ஒத்துப் போனால்தான் இரட்டை. இந்த ஒன்றிலேயே எனக்கு 5 ஜிபி கிடைத்தது. கோடு சிவப்பிலிருந்து இறங்கிவிட்டது.

இரண்டு: மற்ற எதையும் துடைப்பம் அழிக்காது. பட்டியல் மட்டும் போடும். அழிக்கும் கட்டளையோடு "வாட்-இஃப்" என்று சேர்த்தால், எதையும் அழிக்காமல், அழித்திருந்தால் எவை போயிருக்கும் என்று மட்டும் சொல்லும். இந்த ஒரு வார்த்தையை முதல் ஞாயிறே சேர்த்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

மூன்று: அந்தப் பட்டியல் தங்கமணிக்கும் மகளுக்கும் மின்னஞ்சலில் போகும். இரண்டு பேரும் சரி என்றால்தான் கோப்பு "சஸ்பென்ஸ்" என்ற ஃபோல்டருக்கு நகரும். கணக்குத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். அங்கே 90 நாள் கிடக்கும். யாரும் தேடவில்லை என்றால் நான் கையால் அழிப்பேன்.

நான்கு: "லாக்கர்" என்று ஒரு ஃபோல்டர். துடைப்பம் அந்தக் கதவைத் திறக்கவே கூடாது என்று கட்டளையில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். பத்திரங்கள், சான்றிதழ்கள், "பாட்டி" எல்லாம் அங்கே. மாதத்தின் முதல் ஞாயிறு அதை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, கம்பியைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறேன். கம்பி கழன்றிருந்தால் எந்தத் துடைப்பமும் எட்டாது.

ஐந்தாவது, கணினிக்கு இல்லை, நமக்கு. இரண்டு வருஷம் யாரும் உள்ளே நுழையாத கூகுள் கணக்கை, உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கலாம் என்று 2023 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. ஊரில் தவறிப் போன அப்பா, அம்மா, மாமனார் பெயரில் ஏதாவது கணக்கு இருந்து, கடவுச்சொல் தெரிந்திருந்தால் இன்றைக்கே உள்ளே போய் வேண்டியதை எடுத்து வையுங்கள். உங்கள் கணக்குக்கும், இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாரிடம் கொடு என்று குறித்து வைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. நாமினேஷன் மாதிரிதான். வங்கியில் நாமினி போடச் சொல்லித் தொண்டை வறளக் கத்துகிற நான், என் கணக்குக்கு இந்த மே மாதம்தான் போட்டேன்.

இனி சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி.

மீண்டு வந்த 44-ஐ நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து கேட்டேன். தங்கமணி பக்கத்தில் இருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. "ஏய்யா, சாப்ட்டியா?", "அங்க குளிரா?", "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?", "நம்ம தெருவுல தண்ணி வந்து எட்டு நாளாச்சு". ஆறு நிமிடம், நாலு நிமிடம், இரண்டு நிமிடம். பாதிக்கு மேல் ஒரே மாதிரி முடிகின்றன. "சரிம்மா, கேஷ் டேலி ஆகல, அப்புறம் பேசறேன்" என்று என் குரல். "சரிய்யா, வேலையப் பாரு" என்று அம்மா. வைத்துவிட்ட சத்தம். ஒன்றில் அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்து, நான் குறுக்கே பேசியதால் நிறுத்திவிட்டிருக்கிறாள். என்ன சொல்ல வந்தாள் என்று 44-லும் தேடினேன். அடுத்த அழைப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மகள் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விடுமுறைக்கு வந்தவள் எதிரில் உட்கார்ந்து, "19 போச்சுன்னா போச்சுப்பா. எனக்கு முக்காவாசி மனப்பாடம்" என்றாள். எக்செல் ஒன்றைத் திறந்து, வரிசை எண், மாதம், விவரம் என்று கட்டம் போட்டு, 01 முதல் 19 வரை எழுதினாள். நான்கு கட்டத்தில் கேள்விக்குறி. மீதி 15-ல் பாட்டி பேசியதை அப்படியே எழுதியிருந்தாள். "ஏய்யா"வுக்கு அப்புறம் எங்கே மூச்சு வாங்குவாள் என்பது வரைக்கும் பாடம். 11-ல் கஷாயத்துக்கு எத்தனை மிளகு என்று இருந்தது. அந்தக் காய்ச்சல் இவளுக்கு வந்ததுதான்.

அவள் முதல் நாள் போனில் கேட்டதும் ஒன்றைத்தான். "அந்தப் பால்காரர் ஃபைல் இருக்காப்பா?" இல்லை. அது 07. அம்மா, "கட் பண்ணிராதய்யா, பால்காரன் வந்துட்டான்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போகிறாள். நான் அன்றைக்கு எப்படியோ வைக்காமல் காத்திருந்திருக்கிறேன். சைக்கிள் மணி, பாத்திரத்தில் பால் விழுகிற சத்தம், முற்றத்தில் காக்கா, யாரோ வாளியை இழுப்பது. விற்றுப் போன அந்த வீடு காதில் கேட்டதெல்லாம் அந்த ஒரு பதிவில்தானாம். எனக்கு அப்படி ஒரு அழைப்பு வந்ததே ஞாபகம் இல்லை.

அவள் எழுதிய வரி இது. 07. மழைக்காலம், தோராயமாக. பால்காரர். 1 நிமிடம் 40 விநாடி. பேச்சு இல்லை.

அந்த எக்செல் இப்போது லாக்கரில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி.

பி.கு.: மாதம் நூற்றுச் சொச்சம் கட்டத் தொடங்கிவிட்டேன். தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பார்வைதான்.